கூடு கட்டும் காலத்தில் கொக்கு, நாரைகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, கண்மாய்கள் நிரம்பியதும் கேமராப் பையோடு வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் கிளம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்று தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. படமெடுப்பவருக்குக் கொண்டாட்டமான இந்த மாதங்கள்தான் பறவைக்கு ஆண்டிலேயே இக்கட்டான மாதங்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எந்த மாதத்தில் போனால் கூடு கட்டுவதைப் பார்க்கலாம்?

மழையைப் பொறுத்தது. வேடந்தாங்கலில் நவம்பரில் பறவைகள் சேரத் தொடங்கும். மார்ச் வரை கூடுகளில் நடமாட்டம் இருக்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் இன்னும் நீளும். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஜனவரிக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்; கோடை தொடங்கிய பிறகும் மரங்களில் வளர்ந்த குஞ்சுகளைப் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டில் சில ஏரிகளுக்குப் பறவை வராமலே போகும். கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்திலோ அந்த ஊர்க்காரர் யாரிடமாவதோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி ஆகியவற்றின் கணக்கு வேறு. ஏரி வற்றித் தரை தெரியத் தொடங்கும் மார்ச், ஏப்ரலில்தான் அவற்றின் பருவம் ஆரம்பிக்கிறது. இவற்றைப் படமெடுப்பதற்கான விதிகளும் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதன்முதலாகப் போகிறவர் எங்கே தொடங்கலாம்?

வேடந்தாங்கல். யோசிக்கவே வேண்டாம்.

சுமார் 30 ஹெக்டேர்தான் அந்த ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகள். பார்வையாளர் நடப்பது கரையில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர். கரையில் மனிதர்கள் போவதும் வருவதும் அந்தப் பறவைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன காட்சி. இந்தப் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ் கையால் எழுத்துமூலமான பாதுகாப்பையே வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. இன்று நாம் கரையில் நின்றபடி பதற்றமில்லாத பறவைகளை எடுக்க முடிகிறது என்றால், அது அந்த ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துத் தந்த வசதி.

கூந்தன்குளத்தில் இன்னும் நெருக்கம். ஊருக்குள், வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு வைக்கின்றன. எச்சமும் மீன் நாற்றமும் இரவெல்லாம் சத்தமும் இருந்தாலும் பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று அந்த மக்கள் நினைக்கிறார்கள். அங்கே போகும்போது நாம் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற நினைப்பு வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ட்ரைபாடை விரியுங்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியும் போக வேண்டிய இடம். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

இனப்பெருக்கக் காலத்தில் படமெடுப்பதே தவறு என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் வெயிலை வைத்து யோசித்தால் அது விளங்கும்.

கூட்டை விட்டுப் பறவை எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும் என்று குளிர்நாட்டுக் கையேடுகள் எச்சரிக்கும். இங்கே ஆபத்து தலைகீழ். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தாய் முட்டைமேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நிழல் கொடுக்கத்தான். மஞ்சள் மூக்கு நாரை உச்சிவெயிலில் சிறகை விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி, குஞ்சுகளின் மேல் குடை பிடித்தாற்போல் நிற்பதை வேடந்தாங்கல் கரையிலிருந்தே பார்க்கலாம். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றவும் செய்யும். நாம் ஒரு அடி கூடுதலாக நெருங்கியதால் அந்தத் தாய் எழுந்து போய்ப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தால், இறகு முளைக்காத குஞ்சு நேரடி வெயிலில் கிடக்கும். நமக்கு அது கொஞ்ச நேரக் காத்திருப்பு. குஞ்சு அந்த நேரத்துக்குள் துவண்டுபோகும்.

வெயில் மட்டுமில்லை. காலியான கூட்டைக் காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கூட்டத்தில் ஒன்று மிரண்டு எழும்பினால் அக்கம்பக்கத்துக் கூடுகளும் காலியாகும். ஓரளவு வளர்ந்த கொக்குக் குஞ்சுகள் பயத்தில் கிளைக்குக் கிளை தாவிக் கீழே விழுவதும் உண்டு. கூடு கட்டத் தொடங்கும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் தொந்தரவு செய்தால், அந்த இடமே வேண்டாமென்று பறவை கைவிட்டுப் போவதற்கு வாய்ப்பு அதிகம். குஞ்சு பொரித்த பிறகு அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது. அதை நெருங்குவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் பதில்: கரையிலிருந்து, பறவைக்குப் பழகிப்போன இடத்திலிருந்து, நீண்ட லென்ஸில் தாராளமாக எடுக்கலாம். நடந்தோ, பரிசலிலோ, தண்ணீரில் இறங்கியோ கூட்டை நோக்கிப் போய் எடுக்கக் கூடாது. படம் எவ்வளவு நன்றாக வரும் என்றாலும் கூடாது.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? மீட்டர் கணக்கில் சொல்லுங்களேன்.

மீட்டர் கணக்கு உதவாது. கூந்தன்குளத்து நாரை கீழே தெருவில் மாடு போனாலும் மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆளே போகாத கண்மாயில் அதே நாரை நூறு மீட்டருக்கு அப்பாலேயே எழும்பிவிடும். பறவை சொல்வதைக் கேட்பதுதான் வழி. அதற்குக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க வேண்டும். வ்யூஃபைண்டருக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பறவையின் தலைதான் தெரியும், கூட்டத்தின் மனநிலை தெரியாது.

இறகு கோதிக்கொண்டும், ஒற்றைக்காலில் நின்று கண் சொக்கிக்கொண்டும், குச்சியை இழுத்து மாற்றி வைத்துக்கொண்டும் இருந்தால் நீங்கள் அங்கே இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கோதுவதை நிறுத்திக் கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி உங்களையே பார்த்தால் அது முதல் எச்சரிக்கை. அந்த இடத்திலேயே நில்லுங்கள். பார்வையை வேறுபக்கம் திருப்புங்கள். ஓரிரு நிமிடத்தில் கழுத்து சுருங்கிக் கோதல் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் வந்த வழியே பின்வாங்குங்கள். முட்டைமேல் இருப்பது பாதி எழுந்து நின்றாலோ, எச்சம் போட்டுவிட்டுச் சிறகை உடம்பிலிருந்து விலக்கினாலோ அடுத்த நொடி பறக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நிலைக்குக் கொண்டுபோனதே தவறு.

ஒரு பக்கவாட்டுக் குறிப்பு. இணையத்தில் பாராட்டு வாங்கும் கூட்டுப் படங்கள் பலவற்றில் பறவை நேராக லென்ஸைப் பார்க்கும், கழுத்து விறைத்திருக்கும், கொண்டை தூக்கியிருக்கும். கம்பீரம் என்று கீழே எழுதுவார்கள். அது பயம்.

எங்கள் வயலில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. மேலிருந்து எடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பதில்தான்.

வேடந்தாங்கல் நாரைக்குத் தண்ணீர் அகழி இருக்கிறது, மரத்தின் உயரம் இருக்கிறது, ஆயிரம் துணைப்பறவைகள் இருக்கின்றன. ஆள்காட்டிக்கு இதில் எதுவும் கிடையாது. மண்ணில் ஒரு சின்னக் குழி, சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல்லும் ஆட்டுப்புழுக்கையும், நடுவே கூர்முனை உள்பக்கம் பார்த்த நான்கு முட்டைகள். முட்டையின் நிறமும் புள்ளிகளும் மண்ணோடு மண்ணாகக் கலந்து, இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. அந்தக் கலப்பு மட்டுமே அதற்குப் பாதுகாப்பு. சுமார் நான்கு வாரம் அடைகாக்க வேண்டும், அதுவும் நம் சித்திரை வெயிலில். பெற்றோர் இரண்டும் மாறி மாறி உட்காரும். நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும்.

நாம் குழிக்குப் பக்கத்தில் போனால் என்ன நடக்கும்? ஆள்காட்டி கத்தித் தலைக்கு மேல் பாயும். நாய், கீரி, காக்கை எல்லாவற்றுக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஈரமண்ணில் நம் காலடித் தடம் நேராகக் குழிக்கு வழிகாட்டும். முட்டை தெளிவாகத் தெரியட்டுமென்று ஓரத்துப் புல்லையோ கட்டியையோ விலக்கினால் அன்றைய நிழலும் மறைவும் போச்சு.

இன்னொரு சிக்கல், மற்றொரு கூட்டின்மேல் மிதித்துவிடும் அபாயம். வற்றிய ஏரித்தரையிலும் உப்பளத்திலும் நெடுங்கால் உள்ளான்கள் அருகருகே கூடு வைக்கும். ஒன்றைத் தேடிப் போகிறவர் இன்னொன்றின்மேல் கால் வைத்தபின்தான் பார்ப்பார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஹனுமன் உப்புக்கொத்தி 2023-ல்தான் தனி இனம் என்று மறுபடி உறுதிப்பட்டது. அதுவும் இப்படித் தரையில் முட்டையிடும் சின்னஞ்சிறு பறவைதான்.

தரைக்கூட்டுப் பறவைகள் நம்மை ஏமாற்றவும் செய்யும். உப்புக்கொத்தி ஒரு சிறகை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு முன்னே முன்னே ஓடினால், நீங்கள் கூட்டுக்கோ குஞ்சுக்கோ அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். ‘அருமையான ஆக்‌ஷன்’ என்று பின்தொடர்ந்து எடுக்கத் தோன்றும். அந்த நாடகம் நடக்கும் நேரம் முழுக்க முட்டை வெயிலில் கிடக்கிறது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

ஆள்காட்டிப் படம் வேண்டுமா? குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே தாயோடு நடக்கத் தொடங்கிவிடும். வரப்போரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளே அசையாமல் உட்கார்ந்திருங்கள். தாயும் பஞ்சுருண்டைக் குஞ்சுகளும் மேய்ந்துகொண்டே நகர்வதைத் தூரத்திலிருந்து எடுக்கலாம். வயல் உங்களுடையது என்றால் இதைவிட நல்ல காரியம் ஒன்று இருக்கிறது: உழவு ஓட்டும்போது டிராக்டர்காரரிடம் அந்தக் குழியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கான விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தவர் மட்டும்தான் வேட்டைக்காரர் என்று நினைக்க வேண்டாம். சரணாலயங்களில் நுழைவுக்கும் கேமராவுக்கும் கட்டணமும் விதியும் இருக்கும். வாசலில் கேட்டுப் பின்பற்றுங்கள்.

ட்ரோன், ஃபிளாஷ், குரல் பதிவைப் போட்டு வரவழைப்பது?

மூன்றும் வேண்டாம். ட்ரோன் பறவைக் கண்ணுக்குப் பருந்துதான். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும். அடைகாக்கும் பறவை எதிரி வந்துவிட்டது என்று நினைத்துக் குரல் பதிவுக்குப் பதில் சொல்ல எழுந்து வரும். மாலை மங்கிய பிறகு வக்காக்கள் இரைதேடக் கிளம்பும் அழகுக்காக ஃபிளாஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டினாலே போதும். இன்றைய கேமராக்கள் தாங்கும்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

400 மி.மீ. இல்லாமல் ஏரிக்கரையில் சிரமம். 150-600 அல்லது 200-600 ரக ஜூம் பெரும்பாலோருக்குப் போதும். பட்ஜெட் குறைவென்றால் நிக்கான் பி950, பி1000 போன்ற ஒருங்கிணைந்த ஜூம் கேமராக்கள் கூட்டைத் தூரத்திலிருந்து பார்க்க அருமையானவை. பறக்கும் பறவையைப் பிடிப்பதுதான் அவற்றில் கடினம். கரைச்சுவர் இருக்கும் இடத்தில் ட்ரைபாடைவிட, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்ப்பது வசதி. ஷட்டர் சத்தமில்லாத மோட் உங்கள் கேமராவில் இருந்தால் போடுங்கள். வேகமாகச் சிறகடிக்கும்போது மட்டும் சில கேமராக்களில் படத்தில் சிறகு வளைந்து தெரியும், சோதித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தாலும் தண்ணீருக்கு மேல் கானல் எழுந்த பிறகு படம் கூர்மையாக வராது. லென்ஸில் கோளாறு என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். நடுவில் கேமராவைப் பையில் போட்டுவிட்டு பைனாகுலரில் பாருங்கள்.

கொக்கின் வெள்ளை வெளுத்து, இறகே தெரியாமல் போகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் வரும் சிக்கல். கேமரா தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தால், இருட்டு அதிகம் என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு சுண்ணாம்பாகிவிடும். அங்கே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்குக் குறையுங்கள். அதே கொக்கு வெளிர்வானத்துக்கு எதிரே பறந்தால் நேர்மாறாக இருண்டு போகும். அங்கே கூட்ட வேண்டும்.

இப்படி ஒவ்வொரு பின்னணிக்கும் திருகிக்கொண்டிருப்பதைவிட, அளவுகளை நாமே வைக்கும் மேனுவலுக்கு வந்துவிடுவது மேல். பறவைமேல் விழும் வெயில் மாறாத வரை பின்னணி எதுவானாலும் அளவு ஒன்றுதான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/3200 என்று தொடங்குங்கள். இளங்காலை வெயிலில் 1/1600. ஒரு படம் எடுத்து, இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம், முட்டி மோதக் கூடாது. சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இருண்ட பகுதியைப் பின்னால் மீட்கலாம். எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் தொங்கும் நூல்நூலான இறகுகள்தான் படத்தின் உயிர். அவை தெரிய மூடாக்கு போட்ட நாள் மிக நல்லது. மேகமாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கூட்டை எடுக்கக்கூடாது என்றால் வேறு எதை எடுப்பது?

கூட்டுக்கு வெளியேதான் இந்தப் பருவத்தின் பாதிக் கதை நடக்கிறது.

முதலில் நிறங்கள். வரப்பில் மண்ணோடு மண்ணாய் நிற்கும் மடையானுக்கு முதுகு அரக்குச் சிவப்பாக மாறும். உண்ணிக்கொக்கின் தலையும் மார்பும் ஆரஞ்சு பூசிக்கொள்ளும். பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகு கறுத்து, கண்ணோரத் தோல் பசுமை கலந்த நீலமாகும். நத்தை குத்தி நாரையின் அழுக்குச் சாம்பல் நிறம் போய் உடம்பு வெளுக்கும். கரண்டிவாயனுக்குப் பிடரியில் கொண்டையும் மார்பில் மஞ்சள் கறையும் வரும். இவை எல்லாவற்றையும் ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில், இரை தேடும் பறவைகளிடமே எடுக்கலாம். உழவு ஓடும் டிராக்டருக்குப் பின்னால் போகும் உண்ணிக்கொக்குகளை அருகிலேயே எடுக்க முடியும்; எந்தக் கூட்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுத்தது, குச்சி சுமக்கும் பயணம். கூடு கட்டும் வாரங்களில் நாரைகள் ஒரே பாதையில் போய்வரும். கொஞ்ச நேரம் பார்த்தால் எந்தத் தோப்பிலிருந்து குச்சி வருகிறது, எந்தப் பக்கம் திரும்பி மரத்தில் இறங்குகிறது என்று பிடிபடும். வெயிலை முதுகுக்கு வைத்து அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். 1/2000-க்குக் குறையாத ஷட்டர், தொடர் ஃபோகஸ். நீளமான முள்கிளையை அலகில் குறுக்காகப் பிடித்தபடி மஞ்சள் மூக்கு நாரை காலை முன்னே நீட்டி இறங்கும் அந்தக் கணத்தில், இளஞ்சிவப்பு முதுகிறகு முழுவதும் விரிந்திருக்கும். இறங்கியதும் துணை குச்சியை வாங்கிக்கொள்ளும். இது கூட்டிலேயே நடப்பது என்றாலும் கரையிலிருந்து எடுக்கக்கூடியது.

தாமரைக் குளங்களில் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். அதன் நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். அந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். இலைமேல் ஒரு பறவை ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் அது முட்டைமேல் இருக்கும் தகப்பன் என்று எண்ணி, கரையோடு நின்றுவிடுங்கள்.

எடுத்த படங்களை இடத்தோடு போடலாமா?

சரணாலயம் என்றால் போடலாம். எல்லோருக்கும் தெரிந்த இடம். தனியாக ஒரு ஆள்காட்டிக் கூடோ, யாருக்கும் தெரியாத கண்மாயில் பத்துக் கூடோ என்றால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். கைப்பேசிப் படக்கோப்பில் இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பகிரும் முன் நீக்குங்கள். ஒருவர் கவனமாக எடுத்த படத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறு பத்து கார் வந்து நின்றால், அந்தக் கவனத்துக்குப் பலன் இல்லை. பறவைப்படக் குழுக்கள் பல கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை. அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன்.

மரத்தடியில் குஞ்சு விழுந்து கிடந்தால்?

பெரிய காலனிகளில் இது நடக்கும். பெருங்காற்றில் அதிகம் நடக்கும். படத்துக்காக அதைச் சுற்றிக் கூடாமல், வேட்டைத் தடுப்புக் காவலரையோ வனத்துறை ஊழியரையோ உடனே கூப்பிடுங்கள். நாரைக் குஞ்சுக்கு என்ன மீன், எவ்வளவு, எப்படி என்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப் போவது நல்லதில்லை. கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்ற பறவைக் காவலர் இப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும்வரை வளர்த்துவிட்டவர். அதற்கு வருடக்கணக்கான பழக்கம் இருந்தது. தரையில் தனியாக நிற்கும் ஆள்காட்டிக் குஞ்சையோ உள்ளான் குஞ்சையோ பார்த்தால் தொடவே வேண்டாம். அது விழுந்த குஞ்சு இல்லை. தாய் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் நகர்ந்தால் வந்துவிடும்.